வில்லன் கட்சி

சனிக்கிழமை மதியமானால் மாமியார் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார். தமிழில் பேசும் பழைய கௌபாய் படங்கள் என்றால் அவருக்கு உயிர். ஆனால் ஹீரோவும் வில்லனும் துப்பாக்கியோடு நேருக்கு நேர் நின்றதும், பட்டென்று அணைத்துவிட்டு எழுந்து போய்விடுவார்.

புதிதாக வந்த மருமகளுக்கு மண்டை குடைந்தது. அன்று ரிமோட்டை அவளே எடுத்து வைத்துக்கொண்டாள்.

“இன்னைக்காவது முடிவைப் பாத்துடலாம் அத்தை.”

“வேண்டாம்மா, அணைச்சிடு.”

“ஹீரோ ஜெயிக்கிறதைப் பாக்க வேண்டாமா? நீங்க என்ன வில்லன் கட்சியா?” என்று சிரித்தாள்.

துப்பாக்கி வெடித்தது. வில்லன் ஏதோ முனகிக்கொண்டே புழுதியில் சரிந்தான். மாமியார் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

மருமகளின் சிரிப்பு அடங்கிவிட்டது. “என்னாச்சு அத்தை?”

“அந்தக் குரல் உன் மாமனாரோடது. இந்தப் படங்கள்ல வில்லனுக்கெல்லாம் அவர்தான் டப்பிங் பேசினார்.”

அவள் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே இறந்துபோனவர் அவர்.

மாமியார் எழுந்திருக்கவில்லை.

“அப்பல்லாம், ‘இன்னைக்கும் என்னைச் சுட்டுட்டாங்க’ன்னு சொல்லிக்கிட்டே சாயங்காலம் வீட்டுக்குள்ள வருவார். இப்ப சுட்டா, திரும்பி வர மாட்டேங்குறாரும்மா.”