கொண்டலாத்திக்கு அடியில்

கையை மணிக்கட்டு வரை சுவர்ப் பொந்துக்குள் விட்டிருந்தாள். உள்ளே ஏதோ சீறியது.

கையை உருவிக்கொண்டு நாலடி தள்ளிப் போய் நின்றாள். பாம்பு என்றுதான் நினைத்தாள். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

பிறகு நாற்றம் வந்தது. பாம்பு இப்படி நாறாது.

வேப்பமரத்திலிருந்து ஒரு பறவை கொண்டையை விரித்துக்கொண்டு இறங்கியது. நீளமான அலகில் ஒரு புழு. நீ யார் இங்கே என்பது போல அவளை ஒரு பார்வை பார்த்தது. பொந்தின் வாயில் தொற்றிக்கொண்டு, உள்ளே ஊட்டிவிட்டுப் பறந்தது.

கொண்டலாத்தி. உள்ளே முட்டைமேல் உட்கார்ந்திருப்பது பெட்டை. இரை கொண்டுவருவது ஆண்.

பெட்டைக்கு அடியில் ஒரு பச்சை டப்பா இருந்தது. டப்பாவுக்குள் அவளுடைய தம்பியின் காசு இருந்தது.

தம்பி ரெஜினைப் பிடித்து ஆட்டிய விளையாட்டு அது. ஒருவர் டப்பாவை ஒளித்து வைத்துவிட்டு, இடத்தை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் போனைப் பார்த்துத் தேடிக் கண்டுபிடிப்பார்கள். அதற்கென்றே அடித்த காசுகள் உண்டு, ஜியோகாயின் என்று பெயர். எந்தக் கடையிலும் செல்லாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். டப்பாவில் கண்டெடுத்தவர் அதை இணையத்தில் பதிந்துவிட்டு, வேறொரு ஊர் டப்பாவில் கொண்டுபோய் விட வேண்டும். தானே வைத்துக்கொள்ளக் கூடாது. அதுதான் மரியாதை.

ரெஜின் தபாலில் மாற்றி மாற்றி ஓர் ஆல்பம் நிறையச் சேர்த்திருந்தான். ஒன்றை மட்டும் முட்டம் கடற்கரை டப்பாவில் விட்டான். போய் ஊரெல்லாம் பார்த்துவிட்டு வா என்றான்.

அடுத்த மழைக்காலத்தில் பைக்கில் போனவன் வீடு திரும்பவில்லை.

காசு போய்க்கொண்டே இருந்தது. கொச்சி. ஹாம்பர்க். வாயில் நுழையாத ஏதோ ஒரு பனி ஊர். முகம் தெரியாதவர்கள் அதைப் படம் எடுத்துப் போட்டார்கள். கடைசியில், தென்காசிக்குக் கல்யாணத்துக்கு வந்த யாரோ ஒருவர் தை மாதத்தில் இந்த டப்பாவில் விட்டுப் போனார்.

அம்மா அன்றைக்கே ரெஜின் படத்துக்குக் கீழே ஓர் இடத்தைத் துடைத்து வைத்தாள். அது அலைந்தது போதும், வீட்டுக்கு வரட்டும் என்றாள். அம்மா வாய்விட்டு ஒன்றைக் கேட்டே நெடுநாள் ஆகிறது. இவளுக்கு லீவு கிடைக்க மாசி ஆகிவிட்டது. மார்த்தாண்டத்தில் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தாள்.

வந்து பார்த்தால் இது.

போனில் கூப்பிட்டதும் டப்பாவை ஒளித்தவர் வந்து சேர்ந்தார். ஆவுடையப்பன் என்று பெயர். பொந்துக்குள் எட்டிப் பார்த்தார். தலையில் கைவைக்கப் போனார், ஹெல்மெட் தடுத்தது.

ஒழுங்கான மனிதர். மண்ணைத் தோண்டவில்லை, மரத்தில் ஆணி அடிக்கவில்லை. வயல்காரரிடம் கேட்டுத்தான் பழைய பம்புசெட் அறையின் சுவரில் வைத்தார். பார்ப்பவர்கள் குண்டு என்று பயந்துவிடக் கூடாதே என்று, இது விளையாட்டு டப்பா என்று தமிழில் எழுதி ஒட்டினார். ஐப்பசியில் பொந்து காலியாகத்தான் இருந்தது. மாசியில் யார் குடிவருவார்கள் என்று யோசிக்கவில்லை. என் தப்புதான் என்று நாலைந்து தடவை சொன்னார்.

காலடியில் ஒரு குச்சி கிடந்தது.

பெட்டையை ஓரமாகத் தள்ளினால் டப்பாவை இழுத்துவிடலாம். ஒரு நிமிட வேலை. அந்த எண்ணம் அவளுக்கு வந்தது. வரவில்லை என்றால் அது பொய்.

எடுத்தால் என்ன ஆகும் என்று கேட்டாள். பெட்டை முட்டையை விட்டுவிட்டுப் போய்விடலாம், போகாமலும் இருக்கலாம் என்றார் அவர். உங்கள் தம்பி காசு, நான் தடுக்க மாட்டேன் என்றும் சொன்னார். சொல்லிவிட்டு வயல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் குச்சியை எடுத்தாள்.

ஆண் பறவை மறுபடி வந்தது. மறுபடி ஒரு புழு. ஆள் நிற்கிறது, கையில் குச்சி இருக்கிறது, அதற்கெல்லாம் அது அசரவில்லை. உள்ளே பசி.

குச்சியைக் கீழே போட்டாள்.

“இருக்கட்டும் சார். அவன் ஒரு எடத்துல அடங்கி இருந்ததே இல்ல. ஒரு மாசம் இருந்து பாக்கட்டும்.”

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. ஆவுடையப்பன் பார்க்காதது போல் போனை நோண்டினார். குஞ்சுகள் பறக்கும் வரை இந்த டப்பாவைத் தேடி யாரும் வர வேண்டாம் என்று அங்கேயே நின்று இணையத்தில் போட்டார். பறந்த மறுநாளே காசைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுவதாகச் சொல்லி, விலாசம் கேட்டார்.

அவள் முதலில் அம்மாவைக் கூப்பிட்டாள். வெறுங்கையோடு வருகிறேன் என்று எப்படிச் சொல்வது. தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். பொந்து, பறவை, புழு, தபாலில் அனுப்புகிறேன் என்ற ஆவுடையப்பன் எல்லாம் சொன்னாள்.

  

எத்தனை முட்டை என்று அம்மா கேட்டாள்.

தெரியாது என்றாள்.

ஆண் ஒழுங்காக இரை கொண்டுவருகிறதா என்று கேட்டாள். பக்கத்தில் தண்ணீர் உண்டா என்று கேட்டாள். வாய்க்கால் ஓடுகிறது என்றதும், உம் என்றாள். இத்தனை கேள்விகளை அம்மா ஒரே மூச்சில் கேட்டு எவ்வளவோ காலம் ஆகியிருந்தது.

ஆவுடையப்பன் பேனாவைத் திறந்து பிடித்தபடி காத்திருந்தார்.

“மக்ளே, குஞ்சு பறந்த பொறவு அந்தக் காசு அடுத்தாப்ல எங்க போவும்னு அவருகிட்ட கேளு.”