ஆறு மணிக்குக் கிளம்பி ஒரு மணிக்கு

சொந்த நாட்டுக்கு வெகு கிழக்கே, கடல் கடந்த ஊரொன்றில், விமான டிக்கெட் போடும் அலுவலகத்தில் நண்பகல் வெயில் கண்ணாடி வழியே மேசைமேல் விழுகிறது. கழுத்தில் தொங்கும் இன்ச் டேப்பைக் கழற்றக்கூட மறந்து ஓடிவந்திருக்கிறாள் தையல்காரி. அச்சிட்ட தாளின் இரண்டு வரிகளுக்கிடையே அவள் விரல் ஏறி ஏறி இறங்குகிறது. புறப்பாடு செவ்வாய் மாலை ஆறு. போய்ச் சேர்வது செவ்வாய் பகல் ஒன்று. "தப்பா அடிச்சிருக்கீங்க மேடம். கிளம்புறதுக்கு முன்னாடியே எப்படிப் போய்ச் சேருவேன்?" கணினிக்குப் பின்னாலிருக்கும் பெண் நிமிர்கிறாள். "சரியாத்தான் இருக்கு. பதினோராயிரம் கிலோமீட்டர். பதிமூணு மணி நேரம் பறக்கணும்." தையல்காரி சுவர்க்கடிகாரத்தைப் பார்க்கிறாள். "செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு அங்க எங்கக்காவுக்கு நெஞ்சுல ஆபரேஷன். இன்னைக்கே செவ்வாய், இப்பவே பன்னெண்டு ஆயிடுச்சே!" "அங்க செவ்வாய்க்கிழமை இன்னும் பொறக்கவே இல்ல. நடுக்கடல்ல தேதி மாறுற கோட்டைத் தாண்டிப் போறீங்க, அங்க நமக்குப் பதினெட்டு மணி நேரம் பின்னாடி. இப்ப அங்க திங்கட்கிழமை சாயங்காலம் ஆறு மணி," என்கிறாள் அந்தப் பெண்.

தையல்காரி விரல்விட்டு எண்ணத் தொடங்கி, ஏழாவது விரலில் விட்டுவிடுகிறாள். கைபேசியில் அக்காவை அழைக்கிறாள். கட்டில் கிறீச்சிடும் சத்தம், பிறகு மெலிந்த குரல். "உன்னால வர முடியாதுல்ல? பரவாயில்லடி." "இல்லக்கா, சாயங்காலம் கிளம்பி மத்தியானமே வந்துடுறேன்." "என்னடி உளர்ற?" அக்கா சிரித்துவிடுகிறாள், சிரிப்பு இருமலாகிறது. "எனக்கும் ஒண்ணும் புரியலக்கா," என்கிறாள் இவள், தாளை மார்போடு அழுத்திக்கொண்டு. "நீ நிம்மதியா தூங்கு. நீ கண்ணு முழிக்கறப்ப நான் வானத்துல இருப்பேன்னு இந்தப் பொண்ணு சொல்லுது."