முதல் போர்டு மாப்பிள்ளை

"மாப்பிள்ளை, இன்னிக்கு முதல் போர்டு நீங்கதான்" என்று மச்சான் சொன்னதும் ஃபிரிட்ஜ் மெக்கானிக்குக்குக் காது குளிர்ந்துவிட்டது. நாலு பேர் கொண்ட சதுரங்க அணியில் முதல் போர்டு என்றால், எதிரணியின் பெரிய கையோடு மோத வேண்டும். நேற்றுவரை கடைசி போர்டில் உட்கார்ந்து தோற்றுக்கொண்டிருந்த மனுஷன் அவர்.

"நிஜமாவா மச்சான்? அப்ப நீங்க?"

"நான் உங்க இடத்துல உட்கார்ந்துக்கறேன். ஃபைனல் இது. உங்களைத்தான் நம்பியிருக்கேன்." கேப்டனான மச்சான் வக்கீல். அந்த முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

எஸ்பெராண்டோ பேசுகிறவர்களுக்கென்றே நடக்கும் உலக அணிச் சதுரங்கப் போட்டி அது. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல், எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று உருவாக்கிய மொழி. மாமனார் வீட்டில் சாப்பாட்டு மேசையில் அதுதான் ஓடும். கல்யாணமான புதிதில் அவர்கள் அதில் பேசிச் சிரிக்கும்போதெல்லாம் மெக்கானிக் தட்டைப் பார்த்தபடி சாப்பிடுவார். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளவே விழுந்து விழுந்து படித்தார். படித்து முடித்ததும் தெரிந்தது, தன்னைப் பார்த்துத்தான் என்று.

அந்த மேசையில் ஒரு நாளாவது தலைநிமிர்ந்து சாப்பிட வேண்டும். அதற்காகத்தான் சதுரங்கமும் பழகினார்.

எதிரே ஒரு தாடிக்காரர் வந்து உட்கார்ந்தார். வணக்கம் சொன்னதோடு சரி, குனிந்த தலை நிமிரவில்லை. பெரிய ஆட்டக்காரர்கள் அலட்டிக்கொள்ள மாட்டார்கள் என்று மெக்கானிக் நினைத்துக்கொண்டார்.

இரண்டு அணி கேப்டன்களும் நடுநடுவே எழுந்து மற்ற ஆட்டங்களை எட்டிப் பார்த்தார்கள். முதல் போர்டு பக்கம் மட்டும் தலைவைத்துப் படுக்கவில்லை. மச்சானுக்குத் தன்மேல் இவ்வளவு நம்பிக்கையா என்று மெக்கானிக்குக்குப் புல்லரித்தது.

ஆட்டத்தின் நடுவில் தாடிக்காரர் தன் யானையைக் கொண்டுவந்து, மெக்கானிக்கின் ராணிக்கு நேர் எதிரே காவலில்லாமல் வைத்தார். வெட்ட வேண்டியதுதான் பாக்கி. மெக்கானிக்கின் கை ராணிவரை போய் நின்றது. ஒரு நாட்டின் முதல் ஆட்டக்காரன் யானையைச் சும்மா தூக்கிக் கொடுப்பானா? பொறி!

'என்கிட்டயேவா?' என்று ராணியைப் பத்திரமாகப் பின்னுக்கு இழுத்தார். தாடிக்காரர் நீளமாக மூச்சு விட்டார். திட்டம் பலிக்கவில்லை, பாவம் என்று மெக்கானிக் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

மற்ற மூன்று ஆட்டங்களும் டிராவில் முடிந்தன. கோப்பை யாருக்கு என்பது முதல் போர்டில் வந்து நின்றது. அப்போதுதான் மச்சான் மெக்கானிக்கின் நாற்காலிக்குப் பின்னால் வந்தார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

கொஞ்ச நேரத்தில் மெக்கானிக்கின் ராஜா மாட்டிக்கொண்டது. எழுந்து கை கொடுத்தார்.

பார்வையாளர் வரிசையிலிருந்து மனைவி ஓடிவந்தாள். அண்ணன் எதிரிலேயே அவர் தோளில் கை வைத்தாள்.

"விடுங்க. யார்கிட்ட தோத்தீங்க? அவங்க நாட்டோட நம்பர் ஒன்கிட்ட. எங்க வீட்டுல வேற யாரு இவ்வளவு நேரம் தாக்குப்பிடிச்சிருப்பா?"

கோப்பை போனால் போகட்டும், இந்த ஒரு வார்த்தை போதும் என்றிருந்தது மெக்கானிக்குக்கு.

தாடிக்காரர் மட்டும் பிடித்த கையை விடவில்லை. அவர் கண்ணில் தண்ணீர். அந்த அரங்கில் எல்லோருக்கும் புரிகிற எஸ்பெராண்டோவில், சந்தோஷம் தாங்காமல் உரக்கச் சொன்னார்:

"வாழ்க்கையிலேயே இன்னிக்குத்தான் சார் ஜெயிச்சிருக்கேன்! உங்க டீம்ல இருக்கற பெரிய ஆளுக்குப் பலி கொடுக்கத்தான் எங்க கேப்டன் என்னை முதல் போர்டுல உட்கார வச்சார்!"

சொல்லிவிட்டு மெக்கானிக்கையும், பின்னால் நின்ற மச்சானையும் மாறி மாறிப் பார்த்தார். குரல் மெல்ல இறங்கியது.

"அப்ப... உங்களையும் அதுக்குத்தான் உட்கார வச்சாங்களா?"