குவீனியின் ஈரல்

“பின்னங்கால் ரெண்டும் இழுத்துக்கிச்சு அண்ணே! நேத்து வரைக்கும் கூண்டுக்குள்ள மகாராணி கணக்கா நடந்தவ!”

வேலிக்கு அந்தப் பக்கம் நின்றே வில்ஃப் கத்தினான். நிலக்கரிச் சுரங்கத்தில் வண்டி இழுக்கும் குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் ஜேபஸ், பாதி குடித்த தேநீரை அப்படியே வைத்துவிட்டு வந்தார். யார்க்‌ஷயரின் அந்தத் தெருவில் மனிதருக்கு நோவு என்றால் டாக்டர். நாலு காலில் நடப்பது எதுவானாலும் ஜேபஸ்தான்.

வில்ஃப் வீட்டுக் கொல்லைக் கயிற்றில் தொங்கிய வெள்ளைத் துணிகளை முழங்கையால் ஒதுக்கிக்கொண்டு இருவரும் கூண்டருகே போனார்கள். வைக்கோலுக்குள் குவீனி துவண்டு கிடந்தாள். கீரிப்பிள்ளைக்குத் தங்கச்சி போலிருக்கும் ஃபெரட் அவள். முயல் வளைக்குள் விட்டால் போதும், உள்ளே இருக்கிற முயல் அத்தனையும் அலறிக்கொண்டு வெளியே விரித்த வலையில் வந்து விழும். இப்போது அவள் வயிற்றில் எட்டுக் குட்டிகள் பால் குடித்தபடி அட்டையாக ஒட்டிக்கொண்டிருந்தன.

ஜேபஸ் கையை உள்ளே விட்டார். வில்ஃப் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். அந்தக் கையில் ஏற்கெனவே குவீனி போட்ட தழும்புகள் மூன்று இருந்தன.

ஒன்றும் நடக்கவில்லை.

“கடிக்கல,” என்றார் ஜேபஸ். முகம் சுருங்கியது. “இது நல்லதுக்கில்ல.”

“செத்துருவாளா அண்ணே?”

“ஒப்பாரியை ஆரம்பிச்சுடாத, இரு.” ஒவ்வொரு காம்பாக விரலால் அழுத்திப் பார்த்தார். “கட்டியில்ல, சூடில்ல. மடி நல்லாத்தான் இருக்கு. ஆனா ஈறைப் பாரு, சுண்ணாம்படிச்ச சுவரு. முதுகெலும்பை ஒண்ணொண்ணா எண்ணலாம். என்னடா போடுற இவளுக்கு?”

வில்ஃபுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

“என்ன போடுறேனா? கசாப்புக்காரன் தோட்டத்தை இடுப்பொடியக் கொத்திக் குடுத்து தெனமும் ஈரல் வாங்கியாறேன். முட்டை வேற. சுரங்கத்துல வாரத்துக்கு மூணு நாள்தான் வேலை. மிச்ச நாளெல்லாம் வேட்டையாடி இந்த வீட்டுக்குச் சோறு போட்டவ இவ. இவளுக்கா வஞ்சனை பண்ணுவேன்? நான் தின்னுறது வெறும் உருளைக்கிழங்கு, தெரியுமா?”

“நீயே கூண்டுல வெக்கிறியா?”

“என்னைக் கண்டா கடிக்க வர்றா. ஹெட்டிகிட்டதான் குடுப்பேன். ‘பால் குடுக்கிறவளுக்கு, சிந்தாம சிதறாமக் குடு’ன்னு ஒவ்வொரு நாளும் சொல்லித்தான் குடுக்குறேன்.”

அடுக்களை வாசலில் சாய்ந்து நின்ற வில்ஃபின் மனைவி ஹெட்டி, கையை இடுப்பில் கட்டிய துணியில் துடைத்துக்கொண்டாள். குளிர்காலமெல்லாம் ஒட்டிப்போயிருந்த அவள் கன்னம் இப்போது கொஞ்சம் தெளிந்திருந்தது. வில்ஃபும் அதைக் கவனித்திருந்தான். வெயில் வந்துவிட்டதல்லவா, அதனால் என்று நினைத்திருந்தான்.

“ஹெட்டி, முட்டை ஒண்ணு கொண்டா தாயி,” என்றார் ஜேபஸ்.

முட்டையை உடைத்துக் கிண்ணத்தில் ஊற்றி, முட்டை ஓட்டைக் கல்லில் வைத்து மாவாக நசுக்கி, அதையும் அதிலேயே கலந்தார். கரண்டியைக் குவீனியின் வாயருகே கொண்டுபோனார். முதல் சொட்டு மீசையில் வழிந்தது. இரண்டாவதை நக்கினாள். அப்புறம் கரண்டியை விடவில்லை.

“பால் குடுக்கிறவன்னா சும்மாவா நெனச்சே? தன் எலும்பையே கரைச்சு ஊத்துறாடா. வேளாவேளைக்கு இறைச்சி வேணும், முட்டை வேணும். பக்கத்துல நின்னு சத்தம் போடக் கூடாது. வேலை வாங்கக் கூடாது. பாதிக் குட்டிகளைக் கொஞ்ச நேரம் தனியா எடுத்து வெச்சிட்டு, அவளைத் தூங்க விடணும்.”

“இன்னொரு தடவை சொல்லுங்க அண்ணே,” என்றாள் ஹெட்டி. “மெதுவா. சுரங்கத்து ஆளு, காதெல்லாம் கரி.”

“எல்லாம் கேட்டுச்சு, கேட்டுச்சு,” என்றான் வில்ஃப் எரிச்சலாக. “நீயும் நல்லாக் கேட்டு வெச்சுக்க.”

“நான் எப்பவோ கேட்டாச்சு.”

“ஆ!” என்று அலறினார் ஜேபஸ். கட்டைவிரலில் ரத்தம். ஆனால் வாயெல்லாம் பல். “கடிச்சுட்டா! பொழைச்சுக்குவாடா!”

வில்ஃப் தொப்பியைக் கழற்றி வானத்தை நோக்கி எறிந்தான்.

அது கீழே வந்து விழுவதற்குள் ஜேபஸ் கூண்டின் மூலையைக் குச்சியால் கிளறிக்கொண்டிருந்தார். “ஆனா ஒண்ணு. இந்தக் கழிவைப் பாரு. இவ பல்லுல இறைச்சி பட்டு மூணு வாரமாவது இருக்கும். பால்ல நனைச்ச ரொட்டி மட்டுந்தான் உள்ள போயிருக்கு.”

வில்ஃப் மெதுவாகத் திரும்பினான். “ஹெட்டி. அந்த ஈரலெல்லாம் எங்கடி போச்சு?”

அவள் பதில் சொல்வதற்குள் வீட்டுக்குள்ளிருந்து வீலென்று ஓர் அழுகை கிளம்பியது. ஹெட்டி உள்ளே போனாள். திரும்பி வந்தபோது அவள் சால்வைக்குள், கன்னம் உப்பிய இரண்டு மாதப் பிள்ளை சப்புக்கொட்டிப் பால் குடித்துக்கொண்டிருந்தது.

“பால் குடுக்கிறவளுக்குன்னுதானேய்யா தெனமும் குடுத்தே? நாளையிலேர்ந்து ரெண்டு பங்கா வாங்கிட்டு வா, எது எவளுக்குன்னு பேரைச் சொல்லிக் குடு.”