கறுப்புப் பட்டி அம்பு

"செவப்பு பட்டிய விடும்மா!" என்று கத்திவிட்டு, ஜூட்சன் மாஸ்டர் குறிப்பலகைக்குப் பக்கத்து மண்மேட்டின் பின்னால் பதுங்கினார்.

மைதானத்தின் அந்த முனையில் மூடுபனிக்குள் நிழலாய்த் தெரிந்த உருவத்திடமிருந்து ஒரு விசில் வந்தது. 'தயார்' என்பதற்கு அதுதான் அடையாளம். நேற்றுவரை லோஜினி வாயைக் குவித்தால் வெறும் காற்றுதான் வரும். நாளைக்கு வில்வித்தை அணித் தேர்வு என்றதும் விசிலும் வந்துவிட்டதே என்று மாஸ்டருக்குச் சிரிப்பு வந்தது.

'தொப்'.

எட்டிப் பார்த்தார். சிவப்புப் பட்டி ஒட்டிய அம்பு, நடுப்புள்ளிக்கு வலப்பக்கம் ஒரு சாண் தள்ளித் தைத்திருந்தது.

சோதனைக்காக அந்த முனையில் வைத்துவிட்டு வந்த மூன்று அம்புகளுக்கும் அவர் இறகு ஒட்டவில்லை. இறகு இருந்தால் அம்பின் குறை தெரியாது. இறகில்லாத அம்பு இப்படி வலப்பக்கம் போனால், வில்லின் வேகத்தைத் தாங்காமல் வளைகிறது, இன்னும் விறைப்பான அம்பு வேண்டும் என்று அர்த்தம்.

ஆனால் லோஜினிக்குச் சிவப்புதானே சரியாக இருக்க வேண்டும்?

அந்தக் காம்பவுண்ட் வில் அவள் அண்ணன் ஜெரோமியுடையது. அறுபது இறாத்தல், அதாவது அறுபது பவுண்டு, இழுவிசையில் வைத்திருந்தான். போன வருஷம், தேர்வுக்கு முதல் நாள், மண்சரிவு தோட்டத்து லயத்து வீடுகளோடு அவனையும் கொண்டுபோய்விட்டது. பள்ளிக்கூட அலுமாரியில் இருந்ததால் வில் மட்டும் தப்பியது. "அண்ணன் நிக்க வேண்டிய எடத்துல நான் நிக்கணும் சார்" என்று தங்கை வந்து அழுதபோது, மாஸ்டர்தான் வில்லின் திருகாணிகளைத் தளர்த்தி நாற்பதுக்குக் குறைத்துக் கொடுத்தார். நாற்பதுக்கு ஏற்றது சிவப்பு அம்புதான்.

"மஞ்சள விடு!"

விசில். 'தொப்'. அதுவும் வலப்பக்கம்தான், நாலு விரல் தள்ளி.

மிச்சம் இருந்தது கறுப்பு. மூன்றிலும் விறைப்பானது, அறுபதுக்கு ஏற்றது, ஜெரோமி விட்டுப்போன ஒரே அம்பு. சும்மா ஒப்பிட்டுப் பார்க்கத்தான் அதையும் வைத்திருந்தார்.

"கறுப்ப விடு, பாப்போம்!"

நடுப்புள்ளியில் போய்க் குத்தி நின்றது.

"அடிப்பாவி, திருகாணிய மறுபடி இறுக்கிட்டியா? யாரக் கேட்டு இறுக்குன?" என்று மேட்டுக்குப் பின்னாலிருந்து கத்தினார். கோபம் வந்த வேகத்திலேயே அடங்கியது. ஜெரோமி போனதிலிருந்து இப்படி ஓர் அம்பை அவர் பார்க்கவில்லை.

"சரி, போ! அறுபது இறாத்தல இழுக்க முடியுதுன்னா இதுவே இருக்கட்டும். நாளைக்கித் தேர்வுல நீதான் நிக்கிற. நான் சொல்றேன்!"

இந்த முறை விசில் நீளமாக, ஆனந்தமாக வந்தது. பிறகு அந்த முனை அமைதியாகிவிட்டது.

கறுப்பு அம்பைப் பிடுங்க மாஸ்டர் குறிப்பலகையிடம் போனார். முதுகுக்குப் பின்னால், பஸ் ரோட்டிலிருந்து ஏறும் ஒற்றையடிப் பாதையில் யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. திரும்பினார்.

லோஜினி. மூச்சு வாங்க நின்றாள். தோளில் நீளப் பை தொங்கியது.

"கோவிச்சுக்காதீங்க சார், பஸ்ஸு பிந்திருச்சு. வில்ல இன்னும் பைய விட்டே வெளிய எடுக்கல."