அறுபது டிகிரி

“அறுபது டிகிரி வந்துடுச்சு. இதுக்கு மேல ஓடவிட்டா ஹார்டு டிஸ்க் தாங்காது” என்று தன் லேப்டாப்பில் காப்பி எடுப்பதை நிறுத்தினான், கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வந்திருந்த அனீஸ்.

ஸ்ரீரங்கம் ஸ்டேஷன் ரோட்டில் செபஸ்தியானின் போட்டோ ஸ்டூடியோ. பாலக்கரையிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்த ஜெஸிமா, முந்தானையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

மகள் ஆபிதாவின் நிக்காஹ் முடிந்த பதினோராம் நாள் ஜெஸிமாவின் கணவர் பரக்கத் அலி மவுத்தாகிவிட்டார். அவர் மகளை வாழ்த்திப் பேசிய வீடியோ இந்தக் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருந்தது. கல்யாண ஆல்பத்தோடு சேர்த்துத் தருவதாகச் சொல்லியிருந்த செபஸ்தியான், இன்று காலை போன் செய்து டிஸ்க் தகராறு செய்கிறது என்றார். ஜெஸிமா அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

அனீஸ் கம்ப்யூட்டரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினான். உள்ளே ஃபேன் தூசி அடைத்து நின்றுபோயிருந்தது. டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து நேராகத் திருப்பி வைத்தான். சூடு நாற்பதுக்கு இறங்கினால்தான் மறுபடி ஓட்டலாம் என்றான்.

இன்னும் எத்தனை முறை ஓடும் என்று கேட்டார் செபஸ்தியான்.

“ஒரு தடவை ஓடினாலே பெரிசு சார். எல்லாத்தையும் எடுக்க முடியாது. எதை முதல்ல எடுக்கணும்னு சொல்லுங்க.”

செபஸ்தியான் ஜெஸிமாவைப் பார்க்கவில்லை. குனிந்து அனீஸின் காதில் ஏதோ சொன்னார்.

அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து திரை தெரியவில்லை.

டிஸ்க் மறுபடி ஓடியது. நாற்பத்தாறு, ஐம்பத்திரண்டு என்று அனீஸ் படித்துக்கொண்டே வந்தான். ஐம்பத்தெட்டில் உள்ளே டக் டக்கென்று ஒரு சத்தம். பிறகு அதுவும் இல்லை.

“அவ்வளவுதான் சார். போயிடுச்சு.”

செபஸ்தியான் எழுந்து உள்ளே போனார். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

ஜெஸிமாவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

“தனக்கு வேண்டியதை முதல்ல எடுத்துக்கிட்டார். என் முகத்துல முழிக்க முடியாம உள்ள போயிட்டார். எங்களைப் பத்தி அவருக்கு என்ன?”

அனீஸ் தன் லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினான்.

பரக்கத் அலி தொப்பியைச் சரிசெய்துகொண்டு, “ஆபிதா, அத்தா பேசுறேம்மா” என்று ஆரம்பித்தார்.

ஜெஸிமா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முழுதாகப் பார்த்து முடிக்கும்வரை அசையவில்லை. பிறகுதான் கேட்டாள்.

“இது கிடைச்சிருச்சே. அப்புறம் ஏம்ப்பா அவர் எழுந்து போனார்?”

அனீஸ் உள்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“அவர் பொண்ணு ஜாஸ்லின் பிறந்த நாள்லேருந்து அவர் எடுத்த படம் அத்தனையும் அந்த டிஸ்க்லதாம்மா இருந்துச்சு.”