சம்பந்தி கிளறிய குப்பை

மகனுக்குப் பெண் பார்க்க ஜோகுபாளையம் வந்த கோவிந்தப்பா வீட்டுக்குள் நுழையவில்லை. கார்ப்பரேஷனில் ஹெல்த் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயரானவர். வாசலில் குப்பை டின்னைக் கண்டால் கை சும்மா இருக்காது. மூடியைத் திறந்து குடைக்கம்பியால் கிளறினார்.

பெண்ணைப் பெற்ற ஆதிகேசவன் ஓடிவந்து பக்கத்தில் நின்றார். மகள் காந்தாவுக்கு வந்த வரனெல்லாம் தட்டிப்போயிருந்தது. இதுவும் கைநழுவினால் அவ்வளவுதான்.

"வீட்டுக்காரன் பொய் சொல்வான், குப்பை சொல்லாதுங்க," என்றார் கோவிந்தப்பா. "அடேங்கப்பா! ஆப்பிள் தோலு, முந்திரி, நெய் வழியிற எலை... தெனமும் இப்படித்தானா?"

"இன்னிக்குக் கொஞ்சம் கம்மிங்க," என்றார் ஆதிகேசவன். சேலைக் கடையில் கிழிசலை உள்ளே மடித்து விற்றுப் பழகிய வாய்.

"அப்போ கல்யாணத்துக்கு நாள் பாருங்க! ஒண்ணே ஒண்ணு சம்பந்தி. எங்க வூட்டுல மூணு வேளையும் ராகி முத்தேதான், வெறும் களி. பையன் இங்கயே வீட்டோட மாப்பிள்ளையா இருக்கட்டும். நானும் அவங்கம்மாவும் கூடவே வந்துடறோம்."

அவர் ஜட்கா ஏறிப் போனதும் தனக்கோடி புருஷனைப் பிடித்துக்கொண்டாள்.

"சம்பந்தி டின்னைக் கிளறுவாருன்னு கேள்விப்பட்டு அல்சூர் ஓட்டல்ல குப்பையை இரவல் வாங்கிக் கொட்டினீங்களே, இனிமே தெனம் சோத்தையும் அங்கயே போய் இரவல் கேளுங்க!"